பால்ராசைப் பற்றி ஒரு கடிதம்

புதிதாக ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவரிடம் மூன்று மாதத்துக்கு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. கார் ஓட்டக் கற்றவர், யோகா கற்றவர், கேக் செய்யக் கற்றவர், யாராக இருந்தாலும் இதுதான் நிலைமை. நான் கற்றுக்கொண்டு வந்தது மனிதர்களின் துயரத்தைக் கேட்கும் வித்தை. என்னிடம் மாட்டியவர்களின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கு இருபத்தாறு வயது. வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடியில், சின்னதாக ஒரு மனநல ஆலோசனை மையம். இரண்டு அறைகள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரவென்று சத்தம் போடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த ஒரு மின்விசிறி. பொறுப்பாளர் கோமதி மேடம். அவருக்குக் கீழே நான். எனக்குக் கீழே மாடிப்படிதான்.

கோமதி மேடம் என்னை மதுரைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். நெரேட்டிவ் தெரபி என்று பெயர். மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே ஒரு கதையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். துயரம் வந்தால் அந்தக் கதை முழுக்கத் துயரமே நிறைந்துவிடுகிறது. அதில் விடுபட்டுப்போன நல்ல பக்கங்களை அவர்களே கண்டெடுக்கும்படி கேள்வி கேட்க வேண்டும். சுருக்கமாக அவ்வளவுதான். ஆளையும் ஆளைப் பிடித்திருக்கும் கஷ்டத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதற்காக அந்தக் கஷ்டத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லலாம் என்றார்கள். பேசி முடித்தபின் அவர்கள் சொன்னதையே அவர்களுக்குக் கடிதமாக எழுதிக் கொடுப்பதும் உண்டு என்றார்கள். நான் எண்பது பக்கக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு, உலகத் துயரத்துக்கு இனி அதிக நாள் இல்லை என்ற முடிவோடு பஸ் ஏறினேன்.

முதல் பலி என் கணவர். அன்று அவருக்குத் தலைவலி.

"இந்தத் தலைவலி உங்ககிட்ட என்ன சொல்ல வருதுன்னு நினைக்கிறீங்க?" என்று கனிவாகக் கேட்டேன்.

"காப்பி கேக்குது" என்றார்.

(இதைக் குறிப்பேட்டில் எப்படிப் பதிவது என்று தெரியாமல் காப்பி போட்டுக் கொடுத்தேன். தலைவலி போய்விட்டது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் வந்தார். (இது அவருடைய உண்மையான பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க டீச்சர். எல்லார் பேரையும் மாத்திருங்க, பால்ராசு பேர மட்டும் மாத்திராதீக" என்று அனுமதி தந்தார். நான் டீச்சர் இல்லை என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.)

வயது நாற்பது இருக்கும். தளவாய்புரத்துக்காரர். வீட்டிலேயே பவர் மிஷினில் நைட்டி தைப்பவர். மகன் வெளியூரில் படிக்கிறான். கணவர் மாடசாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம்தான் வருவார். பேச்சியம்மாளின் அப்பா வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, ஆறு வருடமாக மகள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும், எழுந்து உட்கார வேண்டுமென்றாலும், சும்மா பேச வேண்டுமென்றாலும் "ஏ பேச்சி" என்று ஒரு குரல். இவர் மிஷினை நிறுத்திவிட்டுப் போவார். ஒருநாள் முற்பகல் அவர் தானாகவே பாத்ரூமுக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். கூப்பிட்டிருக்கிறார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் முடிந்துவிட்டது.

"இப்ப மிஷின் சுவிட்சப் போட்டாப் போதும் டீச்சர், பின்னாடி யாரோ வந்து நிக்காப்பல இருக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்கும். அய்யா 'ஏ பேச்சி'ங்கற சத்தம் கேக்கும். ஓடிப்போய்ப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. வந்து உக்காந்தாத் திரும்பவும் கேக்கும். ஒரு நைட்டி முடிக்க ஒரு நாளாகுது. கை நடுங்கி ஊசி விரல்ல ஏறிட்டுது" என்று கட்டுப் போட்ட விரலைக் காட்டினார்.

டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார். கணவரிடம் சொல்லவில்லை. பைத்தியத்துக்குப் பார்க்கிறாள் என்று ஊரில் பேசுவார்கள் என்ற பயம். "செவ்வாக்கெழம வைத்தியநாதர் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வாரேன். பொய்யில்ல டீச்சர், அங்கயும் போய்க் கும்பிட்டுட்டுத்தான் படியேறுதேன்."

இரண்டாவது வாரம் நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"இதுக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னா என்ன பேர் வைப்பீங்க?"

"எதுக்கு?"

"இந்தப் பயத்துக்கு."

"பயத்துக்குப் பயம்னுதான டீச்சர் பேரு?"

(இந்தப் பதில் வந்தால் என்ன செய்வது என்று மதுரையில் சொல்லித் தரவில்லை.) நான் பேசாமல் இருந்தேன். தெரியாததால் பேசாமல் இருந்தேன். அவர் அதைப் பெரிய பொறுமை என்று எடுத்துக்கொண்டார். யோசித்துவிட்டுச் சட்டென்று சிரித்தார்.

"பால்ராசு."

"யார் அது?"

"மூணாங்கிளாஸ்ல எனக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருப்பான். சடையப் பிடிச்சு இழுப்பான். திரும்பிப் பாத்தா ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி கூரையப் பாத்துக்கிட்டு இருப்பான். இதுவும் அப்படித்தான் டீச்சர் செய்யுது. பின்னாடி வந்து நிக்கும், திரும்பினா இருக்காது."

என் வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமான பெயரை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை. அந்த நிமிடத்திலிருந்து பேச்சியம்மாள் பயத்தைப் பற்றிப் பேசிய விதமே மாறிவிட்டது. அதுவரை "எனக்குப் புத்தி பிசகிருச்சு" என்றவர், "நேத்து அவன் பத்து மணிக்கே வந்துட்டான் டீச்சர், வேல வெட்டி இல்லாத பய" என்றார். நாலாவது வாரம் வந்து, "இந்த வாரம் நாலு தடவ அவன் வந்தும் நான் எந்திரிக்கவே இல்ல" என்று நான்கு விரல்களை நீட்டினார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சியில், அவர்கள் சொன்ன சொற்களையே பயன்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய திமிர் அப்போதும் இறங்கவில்லை. அவர் சொற்களை எடுத்து என் நடைக்கு இஸ்திரி போட்டேன். அந்தக் கடிதத்தின் நடுப்பகுதி இன்னும் எனக்கு மனப்பாடம்.

"தங்கள் கணவர் பணிக்குச் சென்ற பின்னர், இல்லத்தில் எவரும் இல்லாத வேளை பார்த்துப் பால்ராசு வருகிறான் என்றீர்கள். தாங்கள் மிஷினில் அமர்ந்ததும் பின்னால் வந்து நிற்கிறான். தங்கள் நெஞ்சம் படபடக்கிறது. ஆயினும் இந்த வாரம் அவன் நான்கு முறை வந்தும் தாங்கள் எழுந்திருக்கவில்லை. இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பால்ராசைப் பற்றித் தங்கள் கணவருக்குத் தெரிந்தால் அவர் என்ன சொல்வார்? வெகு விரைவில் அவனைத் தங்கள் வாழ்விலிருந்து நிரந்தரமாக வெளியேற்றிவிடுவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன். வரும் செவ்வாய் பதினொரு மணிக்கு, மடவார் வளாகத்தில், வழக்கமான இடத்தில் சந்திப்போம்."

பயம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பெயர் வைத்தாயிற்றே, இனி அந்தச் சொல் எதற்கு என்று அடித்துவிட்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் உயிர் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே மையத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதவில்லை. உறையில் அனுப்புநர் முகவரி போடவில்லை. கடைசியில் 'உமா' என்று மட்டும் கையெழுத்து. பதிவேட்டிலிருந்த விலாசத்தைப் பார்த்து எழுதி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெருமையில் ஒரு பால்கோவா வாங்கித் தின்றேன். கடிதத்தை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பேச்சியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து நடந்ததை அவர்கள் வாயால் பின்னால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை தபால்காரர் கொடுத்த கடிதத்தை வாங்கியது மாடசாமியின் அக்கா சீனியம்மாள். பக்கத்து வீடு. பேச்சியம்மாள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தார். இந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை தவிர யாருக்கு என்ன தபால் வருகிறது? யார் வீட்டுக் கல்யாணமோ என்று பிரித்திருக்கிறார். "வழக்கமான இடத்தில்" வரைக்கும் படித்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம்.

மதியம் வந்த தம்பியின் கையில் கடிதத்தைக் கொடுத்தார். மாடசாமி இரண்டு முறை படித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்தார். கண்மாய்க் கரைக்குப் போய் இருட்டும் முன் திரும்பினார். மனைவியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் பிற்பாடு கேட்டேன்.

"கேட்டு, அவ ஆமான்னு சொல்லிட்டா அதுக்குப் பொறவு நான் என்ன செய்ய?" என்றார்.

இருபது வருடம் எல்லையில் நின்ற மனிதர் பயந்த இடம் அது.

ஆனாலும் ராணுவத்து மூளை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுத் தாளை எடுத்து, ஊரிலுள்ள பால்ராசுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பால்ராசு என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பட்டியலை நானே பார்த்தேன்.

ஒன்று, பலசரக்குக் கடை பால்ராசு: வயது எழுபத்தாறு, சந்தேகம் இல்லை. இரண்டு, கண்டக்டர் பால்ராசு: பகலில் டூட்டி. மூன்று, மேலத்தெரு பால்ராசு: நாலாம் வகுப்பு. நான்கு, லோடு ஆட்டோ பால்ராசு: விசாரிக்கணும்.

விசாரிக்கவும் செய்திருக்கிறார். டீக்கடையில் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏலே, உண்மையச் சொல்லிரு. நான் வேலைக்குப் போனப் பொறவு எங்க வீட்டுக்கு வந்தியா, இல்லையா?" என்றிருக்கிறார்.

லோடு ஆட்டோ பால்ராசு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "மன்னிச்சிருண்ணே, வந்தேன். ஒரு தடவதான் வந்தேன்."

மாடசாமிக்கு உலகமே இருண்டுவிட்டதாம்.

"மதினி இல்ல, அதான் கேக்காம ஏணிய எடுத்துட்டுப் போயிட்டேன். நாளைக்கே கொண்டாந்து சாத்திருதேன்ணே."

(ஏணி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. என் கடிதத்தால் விளைந்த உடனடி நன்மை அது ஒன்றுதான்.)

செவ்வாய்க்கிழமை வந்தது. கோமதி மேடம் விருதுநகருக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்குப் பேச்சியம்மாள் நெற்றியில் விபூதியோடு வந்து உள்ளறையில் உட்கார்ந்தார். கடிதம் கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்க நான் வாயைத் திறந்தபோது வெளிக்கதவு தட்டப்பட்டது.

திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் வெட்டிய மீசையுமாக ஒருவர். அவருக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அம்மாள். அந்த மனிதர் கையில் என் கையெழுத்து. (கோயில் வாசலில் காத்திருந்து, பேச்சியம்மாள் எங்கள் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.)

"இங்க உமாங்கறது யாரு?"

"நான்தான்."

"பேச்சியம்மா இங்க வந்திருக்காளா?"

பயிற்சியில் படித்தது சரியாக இந்த நேரம் பார்த்து எனக்கு நினைவுக்கு வந்தது. "அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா இல்லையா என்பதைச் சொல்வதற்கு எங்கள் நெறிமுறையில் இடம் இல்லை" என்றேன்.

அவர் குனிந்து வாசலைப் பார்த்தார். "இந்தச் செருப்பு நான் வாங்கிக் குடுத்தது."

"செருப்பைப் பற்றியும் எதுவும் சொல்ல இயலாது சார்."

"ஏத்தா, நீதான் அந்தப் பால்ராசுக்குத் தூது போறவளா?" என்றார் சீனியம்மாள். "படிச்ச புள்ள மாதிரி இருக்க. ஒனக்கு எதுக்குத்தா இந்தப் பொழப்பு?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால் வேறு அர்த்தத்தில் ஓடியது. பெருமையாக எழுதிய ஒரு தாள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்திருக்கும்? இன்றைக்கும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் வந்து நின்றவர் மாடசாமி என்பதுதான். இதே கடிதத்தோடு வேறு மாதிரியான ஆள் வந்திருக்கலாம். அவர் இங்கே வருவதற்கு முன்பே வீட்டில் என்னென்னவோ நடந்திருக்கலாம். அந்த நினைப்பு எனக்கு எட்டு வருடமாகப் போகவில்லை.

சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் வெளியே வந்தார். கணவரைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழவோ பதறவோ இல்லை. கையை நீட்டினார்.

"அதக் குடுங்க. என்னன்னு படிக்கேன்."

நின்றுகொண்டே படித்தார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் மூன்று தொழில்களுக்கு மாறிவிடலாமா என்று யோசித்தேன். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க, இது ஆளே இல்லைங்க. எம் பயத்துக்கு நான் வச்ச பேரு."

மாடசாமி என் பக்கம் திரும்பினார்.

"பயத்துக்கு எதுக்கு ஆம்பளப் பேரு?"

என் எண்பது பக்கக் குறிப்பேட்டில் இதற்கு விடை இல்லை. இன்றுவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"ஏட்டி, ஒரு பூச்சியம்மா, மாரியம்மான்னு வச்சிருந்தா இம்புட்டு ரோதனை உண்டா?" என்றார் சீனியம்மாள். ஆனால் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டார்.

அப்புறம் பேச்சியம்மாள் முழுவதையும் சொன்னார். என்னிடம் நாலு வாரத்தில் சொன்னதைக் கணவரிடம் பத்து நிமிடத்தில் சொன்னார். மிஷின், சுவிட்ச், அய்யாவின் குரல், ஓடிப்போய்ப் பார்ப்பது.

"எங்கிட்டச் சொல்லலையே பேச்சி?"

"சொன்னா என்ன சொல்வீக? 'மிஷின் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும், விட்டுத்தள்ளு'ம்பீக. அய்யா போன பொறவு பதினாறு நாளும் அதத்தான சொன்னீக. விட்டுத்தள்ள எனக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லணும்போல இருந்துச்சுங்க. கேக்க ஆளு வேணும்போல இருந்துச்சு."

மாடசாமி ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பால்ராசுகளின் பட்டியலை எடுத்தார். பின்பக்கம் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"நாலு தடவ எந்திரிக்கலன்னு போட்டிருக்கே. எந்தெந்தக் கெழம?"

"வியாழன் ரெண்டு தடவ. வெள்ளி ஒண்ணு. திங்கக்கெழம ஒண்ணு."

எழுதிக்கொண்டார். "வியாழன் எத்தன மணிக்கு?"

"பத்து இருக்கும்."

"சத்தம் கேட்டும் எந்திரிக்காம எப்படி உக்காந்த? என்ன செஞ்ச?"

நான் அசந்துபோனேன். துயரம் கொஞ்சம் பலவீனமான நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விவரமாகக் கேளுங்கள் என்பது அந்தப் பயிற்சியிலேயே முக்கியமான பாடம். என் குறிப்பேட்டில் எட்டுப் பக்கம். நான் செய்ததெல்லாம் நான்கு விரல்களைப் பார்த்துக் கைதட்டியதுதான். அந்தக் கேள்வியைப் பயிற்சிக்கே போகாத ஒரு ஹவில்தார், டூட்டி ரிப்போர்ட் எழுதுகிற கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் ஊசி ஏறிய விரலைத் தடவிக்கொண்டார்.

"'இருங்கய்யா, இந்தத் தையல முடிச்சிட்டு வாரேன்'னு சொன்னேன். அய்யா இருக்கும்போது அப்படித்தான சொல்வேன். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் அடங்குச்சு. தையல முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன்."

சீனியம்மாள் பேச்சியம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"ஆறு வருசம்ட்டி. ஆறு வருசத்துல அவரு கூப்பிட்டு நீ போகாத நாளு ஒண்ண நான் பாத்ததில்ல. எங்க வீட்டுக்குக் கேக்கும், 'வாரேன்யா, வாரேன்யா'ன்னு நீ சொல்றது. எம் பிள்ளைக எனக்கு இப்படிச் செய்யுமான்னு நான் எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா? ஒரு தடவ கேக்கலட்டி. ஒரே ஒரு தடவ."

பேச்சியம்மாள் அப்போதுதான் அழுதார். மாடசாமி எழுந்து ஜன்னலோரம் போய்க் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நாலு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அன்று அந்த அறையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் பேச்சியம்மாள் கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. இந்த வரி வேண்டாம்."

நிரந்தரமாக வெளியேற்றிவிடுவீர்கள் என்ற வரி. கடிதத்திலேயே நான் மிகவும் ரசித்து எழுதியது.

"அவன ஒரேயடியா வெரட்டிட்டா அய்யா சத்தமும் போயிரும்லா? எனக்கு அது வேணும் டீச்சர். நெஞ்சடைக்காம இருந்தாப் போதும். அவரு கூப்பிடட்டும்."

நாலு வாரமாக நான் பயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்குள் ஒரு மகள் தன் அப்பாவைப் பத்திரமாக வைத்திருந்தது என் காதில் விழவே இல்லை. பேனாவைக் கொடுத்தேன். அவர் அந்த வரியைக் கோணல்மாணலாக அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: 'வந்தா இருக்கட்டும். நான் தையல முடிச்சிட்டு வருவேன்.'

இஸ்திரி போடாத அந்த இரண்டு வாக்கியங்கள்தான் அந்தக் கடிதத்தில் நன்றாக எழுதப்பட்டவை.

கிளம்பும்போது மாடசாமி வாசலில் நின்று, "மேடம், நான் சத்தம் கித்தம் போட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்றார். அவர் சத்தமே போடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கேட்டேன். பேச்சியம்மாளிடம் தனியாகவும் கேட்டேன். "போங்க டீச்சர், நான் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கோமதி மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தார். "வழக்கமான இடத்தில்" வந்ததும் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு திட்டினார். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஒரு சட்டம்: எந்தக் கடிதமும் முதலில் நேரில் வாசித்துக் காட்டப்படும், அவர்கள் அடித்துத் திருத்திய பிறகே கையில் கொடுக்கப்படும், வீட்டில் இதை வேறு யார் பிரிக்கக்கூடும் என்று கேட்காமல் எதுவும் வெளியே போகாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், இதற்கு ஏன் பால்ராசு சட்டம் என்று பெயர் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நானே சொல்லித் தொலைக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பேச்சியம்மாள் மாடசாமியோடு வந்தார். இடையில் மாடசாமி ஒரு வேலை செய்திருந்தார். பின்னறைக்கு முதுகைக் காட்டி நின்ற மிஷினைத் தூக்கி, பின்னறை வாசல் நேராகத் தெரியும்படி திருப்பிப் போட்டுவிட்டார். "பின்னாடி வந்து நிக்க எடமே இல்லாமப் பண்ணிட்டேன் மேடம்" என்றார். இனி சத்தம் கேட்டால் பேச்சியம்மாள் எழுந்து ஓட வேண்டியதில்லை, தலை நிமிர்ந்தால் போதும். எனக்கு இது தோன்றவே இல்லை. கதையைத் திருப்பிப் போடும் நினைப்பிலேயே இருந்தவளுக்கு மிஷின் எங்கே கண்ணில் படும்?

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. மாதக்கணக்கில் வந்தார். நடுவில் ஒரு வாரம் மோசமாகக்கூட ஆனது. அப்புறம் மெல்ல மெல்ல நாளைக்கு மூன்று நைட்டி, ஐந்து நைட்டி என்று பழைய வேகம் திரும்பியது. கடைசி நாளன்று எனக்கு ஊதாப் பூப்போட்ட நைட்டி ஒன்றைத் தைத்துக்கொண்டுவந்து கொடுத்தார். இப்போதும் விசேஷங்களுக்கு ஃபோன் பண்ணுவார். துயரத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வேன்.

என் வீட்டில்தான் நிலைமை வேறு. பேச்சியம்மாளின் அனுமதியோடு இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது, என் மாமியார் அடுக்களையிலிருந்து அரையும் குறையுமாகக் கேட்டிருக்கிறார். பால்ராசு என்ற பெயரும், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவான் என்பதும் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கின்றன. என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒழுங்கான பையன் என்று முடிவுகட்டிவிட்டார். எத்தனை முறை விளக்கினாலும், "சரி சரி, ஆபீசு விசயம், வெளிய சொல்லக் கூடாதாக்கும்" என்று கண் சிமிட்டுவார்.

போன தை மாதம் அவர் ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மம்சாபுரத்தில் அவருக்குச் சொந்தத்தில் ஒரு பெண், நர்ஸ் படிப்பு முடித்தவளாம். "அந்தப் பால்ராசுக்கு இன்னும் ஆகலைன்னா கேட்டுப் பாரேன்."

என் கணவர் அந்த ஜாதகத்தை வாங்கி வெகு தீவிரமாகப் பார்த்தார். "பொருத்தம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மாப்பிள்ளை ஒரு வீட்டுல நிலையா இருக்க மாட்டான்" என்றார்.

அன்று மாலையே பேச்சியம்மாளுக்கு ஃபோன் செய்து சொன்னேன். எதிர்முனையில் மிஷின் சத்தம் நின்றது. சிரிப்புச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கவலையோடு சொன்னார்:

"அய்யய்யோ, கட்டி வச்சிராதீக டீச்சர். பொறவு ரெண்டு பேராச் சேந்துல்ல வருவாக!"